சீட்டு வைக்காத சைக்கிள்

"வெல்டு விட்டுப்போச்சுன்னு எவன் சொன்னான்? சொன்னவன் என் மொகத்தப் பாத்துச் சொல்லட்டும்."

சுந்தரம்மாள் குடத்தைக் குழாயடியில் டங்கென்று வைத்தாள். செல்லூரில் அந்தச் சந்துக்கு ஒரே குழாய். குழாய்க்கு எதிரே விருமாண்டியின் டீக்கடை. அதனால் தண்ணீர் வரும் நேரமெல்லாம் அங்கே பேச்சும் வரும்.

"நான் சொல்லலத்தா," என்றார் விருமாண்டி, டீயை ஆற்றிக்கொண்டே. "ஊரு சொல்லுது."

"ஊருக்குப் பேரு இல்லையா? எந்தத் தெரு, எந்த வீடு, அதச் சொல்லு."

"காலங்காத்தால ஏந்த்தா வம்புக்கு நிக்கிற? உன் தம்பி வச்ச வெல்டு தெறிச்சுத்தான அந்தப் பட்டுநூல்காரப் பய பாறையிலருந்து விழுந்தான்? ரெண்டு வருசமாச்சு, இன்னைக்கும் ஒரு காலச் சாச்சுத்தான் நடக்கிறான்."

"நீ பாத்தியா?"

"பாக்கல."

"நான் பாத்தேன். வெல்டு வச்ச எடத்துல வச்சபடி கெடந்துச்சு. நாலு வெரக்கடை தள்ளித்தான் கொழா மடங்கியிருந்துச்சு. அதுவும் விழுந்த பெறகு மடங்குனது. அவன் விழுந்தது எண்ணெயால. அந்த எண்ணெயப் போட்டவ நானு. எத்தன தடவ சொல்றது?"

வரிசையில் நின்ற நல்லகாமன் பெண்டாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மறுபடியும் எண்ணெய்க் கத ஆரம்பிச்சிருச்சு. இப்படியே விட்டா, அந்தப் பயலப் பின்னாலருந்து தள்ளிவிட்டதே நான்தான்னு சொல்லும் இந்த அக்கா."

நாலு பேர் சிரித்தார்கள். விருமாண்டி சிரிக்கவில்லை. டீக் கிளாஸை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "சரித்தா. தப்பு இல்லாதவன் எதுக்கு ஊர விட்டுப் போனான்? அத மட்டும் சொல்லு. நான் வாய மூடிக்கிறேன்."

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஆனால் அது ஒரு குடம் நிரம்புகிற நேரத்துக்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. குடம் நிரம்பி வழிந்தது. பின்னால் நின்றவள், "எடுக்கா" என்றாள். சுந்தரம்மாள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். குழாயடியில் அவளால் சொல்ல முடியாமல் போனது இதுதான்.

பாண்டிராஜ் அவளுக்குப் பதினொரு வயசு இளையவன். கொட்டாம்பட்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் அறுத்தும் நட்டும் பிழைத்த குடும்பம். அப்பனும் ஆத்தாளும் ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் போய்ச் சேர, கல்யாணமாகி மதுரைக்கு வந்திருந்த சுந்தரம்மாள் தம்பியையும் கூட்டி வந்துவிட்டாள். புருஷன் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினவர். அவரும் நெஞ்சுவலியில் போனார். பிள்ளை இல்லை. அப்பளக் கம்பெனிக்கு மாவு வாங்கி வந்து, வீட்டிலேயே தேய்த்துக் காயவைத்துக் கொடுத்து, அவள் தம்பியை ஆளாக்கினாள்.

அப்பள மாவை இடிக்கும்போது நல்லெண்ணெய் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாவு உலக்கையோடு வந்துவிடும். அதனால் அவள் வீட்டு அலமாரியில் ஒரு பித்தளைக் கிண்ணத்தில் எப்போதும் நல்லெண்ணெய் இருக்கும். அந்தக் கிண்ணத்திலிருந்து எல்லாவற்றுக்கும் எடுப்பாள். கதவுக் கீலுக்கு, பூட்டுக்கு, அரிவாள்மனைக்கு, கிணற்று ராட்டினத்துக்கு, தம்பி தலைக்கு. காய்ந்து கிடக்கிற எதைக் கண்டாலும் அவள் கை அந்தக் கிண்ணத்துக்குப் போகும். ஒரு தடவை பக்கத்து வீட்டு வீரணனுடைய ரேடியோ கரகரவென்று கத்துகிறது என்று, அதைத் திருகுகிற குமிழுக்கும் ஒரு சொட்டு விட்டாள். ரேடியோ அதோடு போச்சு. வீரணன் ஒரு மாசம் பேசவில்லை.

பாண்டிராஜ் ஒன்பதாம் வகுப்போடு நின்று, புதூர் தொழிற்பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனான். கை நல்ல கை. அவன் வைத்த வெல்டு கைமுறுக்குச் சுற்றினதுபோல வரிவரியாக, ஒரே அளவாக இருக்கும். கேட்டு, கிரில், தண்ணித் தொட்டி ஸ்டாண்டு என்று பத்து வருஷம் செய்தான். செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் முகத்தில் ஒன்றும் இருக்காது. சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வான்.

அந்த முகத்தில் வெளிச்சம் வந்தது கார்த்திகேஷ் வந்த பிறகுதான். மஹால் பக்கம் சுங்குடிச் சேலை வியாபாரம் பண்ணுகிற பட்டுநூல்காரர் சந்தானம் மகன். இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். கல்லூரிக்கு ஏதோ இரும்புச் சட்டம் செய்யப் பட்டறைக்கு வந்தவன், பாண்டிராஜின் வெல்டைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் அங்கேயே நின்றானாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்லூருக்கே வந்தான், கையில் ஒரு படத்தோடு. பிரவுசிங் சென்டரில் அச்சடித்து வாங்கிய படம். ஒருத்தன் ஆளுயரப் பாறை மேல் சைக்கிளோடு நிற்கிறான். முன்சக்கரம் அந்தரத்தில் இருக்கிறது.

சுந்தரம்மாள் அப்பளம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். "இதுல சீட்டு எங்க?"

"சீட்டு கெடையாதுக்கா," என்றான் கார்த்திகேஷ்.

"அப்ப எங்க ஒக்காருவான்?"

"ஒக்கார மாட்டான். இது ஒக்காந்து போற சைக்கிள் இல்ல."

"அப்ப நின்னுக்கிட்டே எம்புட்டுத் தூரம் போவான்?"

"தூரமும் போக மாட்டான்க்கா. நின்ன எடத்துலருந்து தாவுவான். கல்லுக்குக் கல்லு. காலு தரையில படக்கூடாது. அதான் வெளையாட்டு."

"காலு தரையில படக்கூடாதுன்னா பேசாம கட்டில்ல ஏறி ஒக்காந்துக்கலாமே. அதுக்கு எதுக்கு ஒரு சைக்கிள்?"

பாண்டிராஜ் சத்தமாகச் சிரித்தான். தம்பி அப்படிச் சிரித்து எத்தனை வருஷமாச்சு என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதனால் அந்தச் சைக்கிளைப் பற்றி அதற்கு மேல் அவள் குறுக்கே பேசவில்லை.

முதல் வண்டியைப் பழைய லேடீஸ் சைக்கிளை அறுத்துச் செய்தார்கள். மூன்றாம் நாள் கழுத்து முறிந்தது. இரண்டாவது முறியவில்லை, ஆனால் தூக்க முடியாத கனம். பிறகுதான் பாண்டிராஜ் உட்கார்ந்து யோசித்தான். தரையில் சாக்பீஸால் வண்டியை முழு அளவுக்கு வரைவான், கால் வைத்து அழிப்பான், மறுபடி வரைவான். அப்பளம் காயப்போட இடமில்லாமல் அவள் வீரணன் வீட்டு மொட்டைமாடிக்குப் போனாள். பெடல் தரையிலிருந்து எவ்வளவு உயரம், பின்சக்கரம் எவ்வளவு கிட்டே வர வேண்டும் என்று எல்லாம் அவன் கணக்கு. மெல்லிசாகவும் இருக்க வேண்டும், தாங்கவும் வேண்டும் என்று குழாய் தேடி அலைந்தான். குழாய்களைக் கோணாமல் பிடித்து வைத்து வெல்டு வைக்க ஒரு இரும்புச் சட்டம் வேண்டியிருந்தது. வீட்டில் ஒரே ஒரு இரும்புக் கட்டில்தான் உண்டு, அக்கா படுக்கிற கட்டில். மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலாம் நாள் அவளே சொன்னாள்: "அறுத்துக்க. எனக்குத் தரையே போதும்."

"வேற கட்டில் வாங்கித் தாரேன்க்கா."

"வாங்கும்போது வாங்கு."

பின்சக்கரத்தைப் பெடலோடு சேர்க்கிற பிரீவீல் வேறு பெரிய வேலை. சாதா சைக்கிளில் பெடலை மிதித்தால் கொஞ்சம் சும்மா சுற்றிவிட்டுத்தான் சக்கரத்தைப் பிடிக்கும். அந்தக் கொஞ்சம், பாறை மேல் நிற்கிறவனுக்கு ஆபத்து. பாண்டிராஜ் உள்ளே இருக்கிற பல்லை எல்லாம் இரண்டு இரண்டாகப் பிரித்து அரத்தால் ராவினான். மிதித்த மாத்திரத்தில் 'டக்'கென்று பிடித்தது. சந்து முழுக்க அந்த டக் டக் கேட்கும். அதை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கி, எவர் வீட்டு ஆட்டுக்கல்லோ கிடந்தது, அதன் மேல் ஏறி நின்று காட்டினான் கார்த்திகேஷ். விருமாண்டி கடையில் டீ குடித்தவர்கள் கிளாஸோடு வெளியே வந்தார்கள். விருமாண்டிதான் முதலில் கை தட்டினார். அதை இப்போது அவரிடம் கேட்டால் ஞாபகமில்லை என்பார்.

ஒன்றை மட்டும் பாண்டிராஜ் அக்காவிடம் சொல்லவில்லை. மறைக்கவில்லை, சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த வண்டிக்கு உயிர் பிரேக்கில் இருக்கிறது. மழமழப்பான ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கும் என்று, ரிம்மின் இரண்டு பக்கத்தையும் கிரைண்டரால் கீறிச் சொரசொரப்பாக்குவார்கள். அது போதாதென்று அதன் மேல் கொஞ்சம் தார் தேய்ப்பார்கள். பிடித்தால் உடும்பு மாதிரிப் பிடிக்கும். இதெல்லாம் பட்டறையில் நடந்தது. சுந்தரம்மாள் பார்த்ததில்லை.

அந்த வருஷம் ஆயுத பூசைக்கு மறுநாள், விஜயதசமியன்று, பெங்களூரிலிருந்து ஒருத்தர் வருவதாக ஏற்பாடு. அங்கே இந்த விளையாட்டு ஆடுகிறவர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். வெளிநாட்டு வண்டி கட்டுப்படியாகாது. வண்டி பிடித்திருந்தால் பத்து வண்டி பாண்டிராஜிடமே செய்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. திருவாதவூருக்குப் பக்கத்தில் ஒரு பொட்டல் பாறையில் ஓட்டிக் காட்டுவதென்று முடிவு. பத்து வண்டி என்றால் அவன் இனி கிரில் செய்ய வேண்டாம். அவன் பெயரைச் சொல்லி ஒரு வண்டி உண்டு என்றாகிவிடும். ஒரு வாரமாக அவன் தூங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

பூசையன்று பட்டறை முதலாளி கூப்பிட்டாரென்று பாண்டிராஜ் புதூருக்குப் போயிருந்தான். சுந்தரம்மாள் வீட்டில் இருந்த சாமான்களை எல்லாம் துடைத்து வைத்தாள். அரிவாள்மனை, உலக்கை, அப்பளக் குழவி, தம்பியின் சுத்தியல், அரம். கடைசியில் சைக்கிள். பின்சக்கரத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பகீரென்றது. புத்தம்புது ரிம், இரண்டு பக்கமும் பூனை பிறாண்டினதுபோல ஒரே கீறல். கீறலுக்கு மேல் கருப்பாகப் பிசுபிசுவென்று அழுக்கு. நாளைக்கு வெளியூர்க்காரன் பார்த்தால் என்ன நினைப்பான்? தம்பி இதைக்கூடக் கவனிக்காமல் அலைகிறானே என்று அவளுக்கு மனசு தாங்கவில்லை.

மண்ணெண்ணெய் தொட்டு அந்தக் கருப்பை எல்லாம் துடைத்தெடுத்தாள். விரல் நோக நோகத் தேய்த்தாள். கீறல் போகவில்லை. அலமாரியிலிருந்து கிண்ணத்தை எடுத்தாள். துணியில் நல்லெண்ணெய் நனைத்து ரிம்மைச் சுற்றி இரண்டு தடவை ஓட்டினாள். கீறல் மங்கி, சக்கரம் வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னியது. பிரேக்கின் ரப்பர் கட்டைகூடக் காய்ந்து வெளுத்திருந்தது. அதற்கும் ஒரு சொட்டு. பிறகு சந்தனம், குங்குமம், கைப்பிடியில் ஒரு முழம் கதம்பம்.

சாயங்காலம் அவன் வந்தபோது சாம்பிராணிப் புகை வீட்டை நிறைத்திருந்தது. "என்னக்கா, வண்டி மாப்பிள்ள மாதிரி நிக்குது," என்றான்.

"பின்ன? மாப்பிள்ள பாக்க வாராங்கள்ல."

வண்டி கையை விட்டுப் போகுமுன் அவன் எப்போதும் ஒன்று செய்வான். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக்கை ஒரு பிடி பிடித்துப் பார்ப்பான். அன்றைக்கும் குனிந்து கை நீட்டினான்.

"தொடாத ராசு," என்றாள் அவள். "சாமி கும்பிட்டு வச்சாச்சு. நாளைக்குச் சூடம் காட்டிப் பிரிச்ச பெறகுதான் எடுக்கணும். உனக்கே தெரியாதா?"

அவனுக்குத் தெரியும். பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் பிரிக்கிறவரை தொடக் கூடாது. கையை இழுத்துக்கொண்டான்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அவன் திருவாதவூருக்குப் போய்விட்டான். பாறையில் சரளை கிடந்தால் கூட்டித் தள்ள வேண்டும், அந்தப் பெங்களூர்க்காரரை ரோட்டில் நின்று கூட்டி வர வேண்டும். ஆறு மணிக்குக் கார்த்திகேஷ் அப்பாவின் வேனோடு வந்தான். சுந்தரம்மாள்தான் சூடம் காட்டிப் பூசையைப் பிரித்தாள். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொன்னாள். தன் கையாலேயே வண்டியைத் தூக்கி வேனில் ஏற்றினாள். "நல்லபடியா ஓட்டிட்டு வாய்யா," என்றாள்.

பாறைக்கு ஏறுவதற்குப் பிரேக் வேண்டாம். மிதித்த வேகத்தில் ஏறிவிடலாம். ஏறிய பிறகு நிற்பதற்குத்தான் பிரேக். அன்றைக்கு வானம் கறுத்துக் கிடந்தது. பெங்களூர்க்காரர் படமெடுக்கக் கேமராவைத் தூக்கிவிட்டார். மழைக்கு முன்னால் ஒரு தடவை என்று கார்த்திகேஷ் நேரே பெரிய பாறைக்கே போனான். ஏறினான். ஏறி, பிரேக்கைப் பிடித்தான். வண்டி நிற்காமல் அப்படியே அந்தப் பக்கமாகப் போய்விட்டது. அந்தப் பக்கம் ஒன்றரை ஆள் பள்ளம்.

கார்த்திகேஷை வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, மத்தியானம் ஒரு குட்டியானை வண்டியில் பாண்டிராஜ் சைக்கிளைக் கொண்டுவந்து இறக்கினான். நடுக்குழாய் மடங்கிக் கிடந்தது. சந்தே கூடிவிட்டது. மடங்கின குழாயைப் பார்த்தவர்கள் முடிவு பண்ணிவிட்டார்கள்: வெல்டு விட்டுவிட்டது, பையன் விழுந்துவிட்டான். யாரும் யாரையும் கேட்கவில்லை. பாண்டிராஜ் யாரையும் பார்க்காமல் வண்டியை உள்ளே தூக்கிக்கொண்டு போனான். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினான். பிரேக்கைப் பிடித்தான். சக்கரம் அது பாட்டுக்குச் சுற்றியது.

ரிம்மில் ஒரு விரலை வைத்தான். மூக்குக்குக் கொண்டுபோனான்.

சுந்தரம்மாள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அலமாரியைப் பார்த்தான். கிண்ணம் இருந்த இடத்தில் இருந்தது. விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டான்.

"அக்கா, சோறு இருக்கா?"

அவ்வளவுதான் கேட்டான். எதற்காக அந்தக் கீறல், எதற்காக அந்தத் தார் என்று அவள் கேட்டுக் கேட்டுத்தான் அன்றைக்குச் சாயங்காலம் சொன்னான். சொல்லிவிட்டு, "விடுக்கா" என்றான்.

அவள் விடுகிற ஆளா? மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனாள். தொடை எலும்பு இரண்டாகியிருந்தது. கார்த்திகேஷ் காலைத் தூக்கிக் கட்டிக் கிடந்தான். அவனுடைய அம்மா மீனலோசனி கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். சந்தானம் ஜன்னல் பக்கம் நின்றார்.

"அய்யா, தம்பி மேல தப்பில்ல. நான்தான் வெவரம் தெரியாம சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுட்டேன்," என்றாள் சுந்தரம்மாள்.

புருஷனும் பெண்டாட்டியும் அவர்கள் பாஷையில் ஏதோ பேசிக்கொண்டார்கள். அவளுக்குப் புரியவில்லை. பிறகு மீனலோசனி தமிழில் சொன்னாள்: "ஏம்மா, சைக்கிளுக்கு எண்ணெய் போடறது நல்லதுதான? ஊருல எல்லாரும் போடறாங்க. எண்ணெய் போட்டு யாராச்சும் விழுந்திருக்காங்களா?"

"இது வேற சைக்கிள்மா."

"அதான் நாங்களும் சொல்றோம்," என்றார் சந்தானம்.

கார்த்திகேஷ் படுத்தபடியே சொன்னான்: "பிரேக் பிடிக்கலப்பா. அம்புட்டுதான். அண்ணன் மேல ஒண்ணும் இல்ல."

"கேட்டியாம்மா? பிரேக் பிடிக்கலன்னு அவன் வாயாலயே வருது. பிரேக் செஞ்சது யாரு? நான் போலீசு கீலீசுன்னு போற ஆளு இல்ல. உன் தம்பி இனிமே எங்க வீட்டுப் பக்கம் வர வேணாம். கேட்டு, கிரில் செய்யிறவன் அதையே செய்யட்டும்."

திரும்பி வந்து விருமாண்டி கடையில் சொன்னாள். வீரணனிடம் சொன்னாள். அப்பளக் கம்பெனியில் சொன்னாள். சொல்லச் சொல்ல அது பொய் மாதிரியே ஆகிக்கொண்டு வந்தது. ஒருத்தி சொன்னாள், "பாசம்னா இப்படி இருக்கணும், தம்பி பழியத் தான் தூக்கிக்கிறா பாரு." அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டே சொன்னாள். இன்னொருத்தன் விருமாண்டி கடை பெஞ்சிலிருந்து, "களத்து வேலைக்கு வந்தவங்க கையில வெள்ளக்காரன் வண்டியக் குடுத்தா இப்படித்தான்," என்றான். அன்றைக்கு அவள் அவன் டீயைத் தட்டிவிட்டாள். சட்டையெல்லாம் டீ. ஆனால் அவன் சொன்னது சொன்னதாகவே இருந்தது.

கடைசியில் பெங்களூர்க்காரரிடம் போனில் பேசுவதென்று முடிவு பண்ணினாள். வண்டி தெரிந்தவர், அவருக்காவது புரியும். தம்பி நோட்டில் எழுதி வைத்திருந்த நம்பரைக் கொண்டுபோய் எஸ்.டி.டி. பூத்தில் காட்டி, போட்டுத் தரச் சொன்னாள். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வந்தது. கீறலை, தாரை, மண்ணெண்ணெயை, நல்லெண்ணெயை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது நிஜம், அம்மா," என்றார். "ரிம்ல எண்ணெய் பட்டா விழத்தான் செய்வாங்க. எனக்குத் தெரியும்."

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தனை நாளில் அவளை நம்பின முதல் ஆள்.

"அப்ப என் தம்பிகிட்ட வண்டி வாங்கிக்கிருவீங்களா அய்யா?"



"வெல்டு நல்லா இருந்துச்சும்மா. ஆனா ஒண்ணு. ஓட்டறதுக்கு முன்னாடி அவர் பிரேக்கப் பிடிச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பாக்காம ஒரு ஆளப் பாறையில ஏத்திட்டாரு. அவர்கிட்ட நான் எப்படிம்மா பத்துப் பேருக்கு வண்டி வாங்குவேன்?"

பார்க்கப்போனவனைத் தொடாதே என்று தடுத்ததே நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் என்னவாகும்? அக்கா சொன்னாளென்று பார்க்காமல் விட்டான் என்றாகும். அதுவும் அவன் தலையில்தான் விழும். அவள் போனை வைத்துவிட்டாள்.

பூத்திலிருந்து வீடு வரை நடந்து வருவதற்குள் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எண்ணெய் என்று சொல்லாவிட்டால், தெரியாதவர்கள் அவன் வெல்டைக் குறை சொல்வார்கள். எண்ணெய் என்று சொன்னால், தெரிந்தவர்கள் அவன் கவனத்தைக் குறை சொல்வார்கள். உண்மையைச் சொன்னாலும் அவன்தான், சொல்லாவிட்டாலும் அவன்தான். அவள் மேல் மட்டும் ஒரு சொட்டும் விழவே விழாது.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றவில்லை. மாவு இடிக்க மட்டும் ஒரு கொட்டாங்கச்சியில் எடுத்துக்கொள்வாள். கதவு, பூட்டு, அரிவாள்மனை எல்லாம் காய்ந்தன.

பாண்டிராஜ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவள் அழுது தீர்த்திருப்பாள். பட்டறைக்குப் போனான், வந்தான். கிரில் ஆர்டர் கொடுக்கிறவர்கள் வேறு ஆள் வெல்டு வைக்கட்டும் என்றார்கள். முதலாளி அவனைப் பெயின்ட் அடிக்க விட்டார். அதற்கும் போனான். மடங்கின சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டான். பின்சக்கரத்தை மட்டும் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, வீட்டுச் சுவரில் ஆணி அடித்து மாட்டி வைத்தான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

மாசி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது என்று முந்தின நாள்தான் சொன்னான். விடிந்ததும் பையில் இரண்டு சட்டை, இரண்டு கைலி வைத்துக் கட்டினான். அவள் இட்லி எடுத்து வைத்தாள். அவன் மூன்று தின்றான்.

"என்ன கம்பெனி?"

"கட்டில் கம்பெனி. ஆஸ்பத்திரிக்கு இரும்புக் கட்டில் செய்யிறாங்க."

"உன் கைக்குக் கட்டிலா?"

"கட்டில் எங்கயும் ஏறாதுக்கா. வச்ச எடத்துல நிக்கும்."

அவள் எச்சில் தட்டை எடுக்காமல் அவன் எதிரில் உட்கார்ந்தாள். நாலு மாசமாகத் தொண்டையில் இருந்ததைக் கேட்டாள்.

"ஏன்டா, என்னைய ஒரு வார்த்த வையலாம்ல? அக்காதான் கெடுத்தான்னு ஊருக்குச் சொல்லலாம்ல? நான் சொன்னா எவனும் நம்ப மாட்டேங்குறான். நீ சொன்னா நம்புவாங்க."

அவன் கை கழுவிவிட்டு வந்து நின்றான். சொல்வதா வேண்டாமா என்று யோசிக்கிறவன்போலச் சக்கரத்தைப் பார்த்தான்.

"பாறைக்குக் கீழ நின்னு கார்த்தி கேட்டான்க்கா. 'பிரேக் பாத்தாச்சாண்ணே?'ன்னு. நான் பாக்கல. பூசையில இருந்துச்சு, பெறகு வேன்ல வந்துச்சு, நான் தொடவே இல்ல. ஆனா எப்பவும் பாக்குறவன்ல, அந்தப் பழக்கத்துல தலைய ஆட்டிட்டேன். அத நம்பித்தான் ஏறுனான்."

அவள் எச்சில் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எண்ணெய் நீ போட்ட. தெரியாம போட்ட. நான் தெரிஞ்சு தலைய ஆட்டுனேன். இதுல உன்னைய எங்க வைய?"

"நான்தானடா உன்னத் தொடாதன்னு..."

"சாயங்காலம் சொன்ன. காலையில சொல்லலைல."

பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். போகிற போக்கில் கை தானாக நீண்டு சுவரில் இருந்த சக்கரத்தைச் சுற்றிவிட்டது. அது டக் டக்கென்று சுற்றியது. அது நிற்கிறவரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பார்க்கவில்லை.

"மொதச் சம்பளத்துல ஒனக்கு ஒரு கட்டில் அனுப்புறேன்க்கா."

"எனக்குத் தரையே போதும். நீ எப்ப வருவ?"

அவன் கதவைத் திறந்தான். நாலு மாசமாக எண்ணெய் காணாத கீல், சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கிறீச்சென்றது. எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்த விருமாண்டி நிமிர்ந்து பார்த்தார். பாண்டிராஜ் நின்று, கதவை ஒரு தடவை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தான். பட்டறைக்காரன் கை.

"இதுக்கு எண்ணெய் விடுக்கா," என்றான். "இதுக்கு விடலாம்."

"விடுறேன்," என்றாள் அவள்.

"வாரேன்க்கா," என்று சொல்லிவிட்டு அவன் படி இறங்கினான்.